பி.எஸ்.என்.எல்.: இருப்பதா, கிளம்புவதா?

பி.எஸ்.என்.எல். ஊழியர்கள் இரண்டு பேர் எங்கே சந்தித்தாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. அடுத்த வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) வருமா, வந்தால் எழுதிக் கொடுத்துவிடலாமா? 2024 கடைசியில் இரண்டாவது விருப்ப ஓய்வுத் திட்டம் பற்றிய செய்திகள் பத்திரிகைகளில் வந்தன. ஆட்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்கப் போகிறார்கள் என்று எழுதினார்கள். அதிலிருந்து இந்தப் பேச்சு ஓயவில்லை. எங்கள் குடும்பத்திலும் நட்பு வட்டத்திலும் டிபார்ட்மென்ட் ஆட்கள் அதிகம். ஓய்வுக்கு முன் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்றால் என்னிடம் வருவார்கள். அப்படிப் போட்டுப் பார்த்த கணக்குகளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது, கோபத்தையும் கணக்கையும் வேறு வேறு தாளில் எழுதுங்கள் என்பது. இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் கோபம்தான் ஜெயிக்கும். 2019-ல் முதல் வி.ஆர்.எஸ். வந்தபோது பலருக்கு அதுதான் நடந்தது.

கோபம் நியாயமானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2000 அக்டோபர் 1 அன்று தொலைத்தொடர்புத் துறையிலிருந்து பிரிந்து பி.எஸ்.என்.எல். பிறந்தது. 2004-05-ல் அதன் லாபம் 10,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அன்று அதன் செல்போன் சேவையான செல்ஒன் சிம் கார்டுக்கு மக்கள் வரிசையில் நின்றார்கள். அப்புறம் நடந்ததில் ஊழியர்கள் எடுத்த முடிவு எதுவும் கிடையாது. செல்போன் சந்தை தீயாய்ப் பரவிய ஆண்டுகளில் கருவி வாங்கும் பெரிய டெண்டர்கள் ஒன்று வெட்டப்பட்டது, இன்னொன்று ரத்தானது. 2010-ல் 3ஜி, பி.டபிள்யூ.ஏ. (வயர்லெஸ் பிராட்பேண்ட்) அலைக்கற்றைக்காக ஏறக்குறைய 18,500 கோடியைக் கட்டச் சொன்னார்கள், கையிருப்பு கரைந்தது. 2009-10-லிருந்து நஷ்டம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது நாடே 4ஜி-க்கு மாறிக்கொண்டிருந்தது, பி.எஸ்.என்.எல்.-க்கு மட்டும் 4ஜி அலைக்கற்றை இல்லை. 2019 அக்டோபரில்தான் அதற்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2020-ல் 4ஜி டெண்டர் போட்டு அதையும் ரத்து செய்தார்கள். உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில்தான் கட்ட வேண்டும் என்று முடிவாகி, டி.சி.எஸ்., தேஜஸ், சி-டாட் கூட்டணி வேலையை முடித்து, ஒடிசாவின் ஜார்சுகுடாவில் பிரதமர் தொடங்கி வைத்தது 2025 செப்டம்பர் 27. போட்டியாளர்கள் 5ஜி-யில் மூன்று வருடம் ஓட்டிய பிறகு!

இந்தக் காலம் முழுக்க கஸ்டமர் கேர் கவுன்டரில் உட்கார்ந்திருந்தவரை நினைத்துப் பாருங்கள். விற்கச் சரக்கே அனுப்பாமல் தினமும் கடையைத் திறந்து வைக்கச் சொன்னது போன்ற நிலை அது. "4ஜி எப்ப சார் வரும்?" என்று கேட்டவர்களுக்கு அவர் என்ன பதில் சொல்லியிருப்பார்?

எந்த ஊர் எக்ஸ்சேஞ்சாக இருந்தாலும், ஊரின் போன் கம்பிகள் எல்லாம் வந்து சேரும் எம்.டி.எஃப். அறையைப் போய்ப் பாருங்கள். தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு மேல் போகும் இரும்புச் சட்டங்கள், அவற்றில் வரிசை வரிசையாகக் கம்பிகளைச் செருகும் குரோன் மாட்யூல்கள். ஒவ்வொரு ஜோடிக் கம்பியும் ஒரு வீடு. ஜம்பர் கம்பி இரட்டை நிறத்தில் முறுக்கி, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடும். எந்த ஜோடி எந்தத் தெருவின் பில்லருக்குப் போகிறது, அங்கிருந்து வீடுகளுக்குப் பிரித்துவிடும் எந்த டி.பி. பாக்ஸ் என்று ரிஜிஸ்டரைப் பார்க்காமலே சொன்ன மெக்கானிக்குகள் இருந்தார்கள். மழை பெய்த மறுநாள் ஜெல்லி கேபிள் ஜாயின்ட்டைப் பிரித்து, ஈரத்தைத் துடைத்து, ஜோடி ஜோடியாகச் சேர்த்து மூடுவார்கள். அதில் ஒரு கைத்திறன் இருந்தது. இன்று அதே சட்டத்தில் பெரும்பாலான மாட்யூல்களில் உயிர் இல்லை. ஃபைபர் வேலை ஒப்பந்தக்காரர் கைக்குப் போய்விட்டது. சம்பளம் தாமதமானது வலித்தது உண்மைதான். ஆனால் தன் கைக்குத் தெரிந்த வேலை தன் கண் முன்னால் தேவையில்லாமல் போனது அதைவிட ஆழமாகக் குத்தியது என்று பலர் வாயால் கேட்டிருக்கிறேன்.

2019 பிப்ரவரி சம்பளம் மார்ச் பாதியில்தான் வந்தது. மாதக் கடைசி நாளில் சம்பளம் வாங்கிப் பழகிய நிறுவனத்தில் அது பெரிய அதிர்ச்சி. 2017 ஜனவரியில் வந்திருக்க வேண்டிய ஊதிய மாற்றம், நஷ்டத்தில் ஓடும் நிறுவனத்துக்குக் கிடையாது என்ற நிபந்தனையில் மாட்டி ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. ஒப்பந்தத் தொழிலாளர்கள் பட்டது இன்னும் மோசம். பல மாதச் சம்பளம் நிலுவை, அப்புறம் வேலையே இல்லை. அவர்களுக்கு இருப்பதா கிளம்புவதா என்று யோசிக்கிற வாய்ப்பைக்கூட யாரும் கொடுக்கவில்லை. இந்தக் கட்டுரை அவர்களைத் தொடவில்லை என்பதே எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

சரி, இனி கணக்குத் தாளுக்கு வருவோம்.

முதல் கேள்வி: 2000 அக்டோபருக்கு முன்னா, பின்னா?

ஊழியர்கள் எல்லோருக்கும் பொதுவான பதில் கிடையாது. தொலைத்தொடர்புத் துறையில் சேர்ந்து, பிறகு பி.எஸ்.என்.எல்.-இல் ஈர்த்துக்கொள்ளப்பட்டவர்களுக்கு மத்திய அரசின் ஓய்வூதிய விதிகள்படி பென்ஷன் உண்டு. அந்தப் பென்ஷனைக் கொடுப்பது அரசு. நாளை நிறுவனம் என்ன ஆனாலும் பென்ஷன் நிற்காது. ஓய்வூதியச் செலவில் அரசின் பங்குக்கு வைத்திருந்த உச்சவரம்பையும் 2016-ல் எடுத்துவிட்டார்கள். இவர்களில் ஆக இளையவரும் இன்று நாற்பதைத் தாண்டியிருப்பார்.

அந்தத் தேதிக்குப் பின் நேரடியாக எடுக்கப்பட்ட ஜே.டி.ஓ. (இளநிலை தொலைத்தொடர்பு அதிகாரி), ஜே.ஏ.ஓ. (இளநிலை கணக்கு அதிகாரி), டி.டி.ஏ. (தொழில்நுட்ப உதவியாளர்) போன்றவர்களுக்கு அந்தப் பென்ஷன் இல்லை. பி.எஃப்., கிராஜுவிட்டி, நிறுவனம் போடும் ஓய்வுக்கால நிதி, அவ்வளவுதான். ஒரே அறையில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து ஒரே வேலையைச் செய்கிற இரண்டு பேருக்கு, நிறுவனம் சரிவது முற்றிலும் வேறு வேறு விஷயம். ஒருவருக்கு அது மனவருத்தம், மற்றவருக்கு முதுமையே கேள்விக்குறி. "மூத்த அண்ணன் இருக்கச் சொன்னார்" என்று இளையவர் இருப்பதும், "தம்பி கிளம்பிட்டான்" என்று மூத்தவர் கிளம்புவதும் இந்த வித்தியாசத்தை மறந்ததால் வருவது.

வி.ஆர்.எஸ். வந்தால்

இரண்டாவது திட்டம் எப்படி இருக்கும் என்று இப்போது யூகிப்பதில் அர்த்தமில்லை. ஆனால் 2019 திட்டம் அளவுகோலாக இருக்கும். அது 2019 நவம்பர் 4-இல் தொடங்கி டிசம்பர் 3-இல் முடிந்தது. 50 வயது நிரம்பியவர்கள் எழுதிக் கொடுக்கலாம். சுமார் ஒன்றரை லட்சம் பேரில் 78,000-க்கும் மேற்பட்டவர்கள் எழுதிக் கொடுத்து, 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் வெளியேறினார்கள். பாதிக்கு மேல்! வருமானத்தில் முக்கால் பங்கு சம்பளத்துக்கே போன நிறுவனத்துக்கு அது மூச்சு விட வழி செய்தது. எஞ்சியவர்களுக்கு என்ன ஆனது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கணக்கு இப்படி: முடித்த ஒவ்வொரு ஆண்டு சேவைக்கும் 35 நாள் சம்பளம், மிச்சமிருக்கும் ஒவ்வொரு ஆண்டுக்கும் 25 நாள் சம்பளம். இந்தக் கருணைத் தொகைக்குப் பெயர் எக்ஸ்கிரேஷியா. அதோடு பென்ஷன் உடனே தொடங்கும். எக்ஸ்கிரேஷியாவும் பென்ஷனும் சேர்ந்து, 60 வயது வரை வாங்கியிருக்கக்கூடிய சம்பளத்தின் 125 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு உச்சவரம்பு.

இதை மூன்று வயதுகளில் போட்டுப் பார்ப்போம். எல்லோரும் 24 வயதில் சேர்ந்தவர்கள், சம்பளம் என்றால் அடிப்படையும் பஞ்சப்படியும், பென்ஷன் அதில் பாதி, மாதம் 30 நாள் என்று வைத்துக்கொள்ளலாம். எல்லாத் தொகையையும் இன்றைய மாதச் சம்பளத்தின் மடங்காகவே சொல்கிறேன், அப்போதுதான் யாரும் தன் எண்ணைப் பொருத்திப் பார்க்க முடியும்.

52 வயதுக்காரர் 28 ஆண்டு முடித்தவர், 8 ஆண்டு பாக்கி. 980 நாளும் 200 நாளும் சேர்ந்து 1,180 நாள், அதாவது 39 மாதச் சம்பளம். எட்டு வருடப் பென்ஷன் 48 மாதச் சம்பளத்துக்குச் சமம். மொத்தம் 87. வேலையிலேயே இருந்தால் 96 மாதச் சம்பளம். ஆக, இவருக்கு முதல் பார்வையிலேயே குறைவு.

55 வயதுக்காரருக்கு 1,210 நாள், 40 மாதச் சம்பளம். ஐந்து வருடப் பென்ஷன் 30. மொத்தம் 70. இருந்தால் 60. இவருக்குப் பத்து மாதச் சம்பளம் கூடுதல் மாதிரி தெரியும்.

58 வயதுக்காரருக்கு 41 மாதம் வர வேண்டும், ஆனால் உச்சவரம்பு இடித்து 18-க்கு இறங்கிவிடும். பென்ஷன் 12. மொத்தம் 30, இருந்தால் 24.

2019-ல் பெரும்பாலான வீடுகளில் கணக்கு இதோடு நின்றுவிட்டது. விட்டுப்போனது இன்க்ரிமென்ட். ஆண்டுக்கு 3 சதவீதம் என்பது கையில் வாங்கும்போது சின்னத் தொகை. ஆனால் 55-இல் போகிறவர் ஐந்து இன்க்ரிமென்ட்டை விடுகிறார். 60-இல் அவர் வாங்கும் பென்ஷன், இருந்து ஓய்வு பெற்றால் கிடைத்திருக்கும் பென்ஷனைவிட ஏறக்குறைய 14 சதவீதம் குறைவு. அது ஒரு மாதம் இரண்டு மாதம் இல்லை, உயிரோடு இருக்கும் வரை குறைவு. குடும்பப் பென்ஷனிலும் அதே குறைவு வரும். 60-க்குப் பிறகு 20 ஆண்டு என்று வைத்தால் 19 மாதச் சம்பளம் போகிறது. கூடுதலாகத் தெரிந்த பத்து மாதம் இதில் கரைந்துவிடும். 52-இல் போகிறவருக்குப் பென்ஷனில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறையும்.

எதிர்ப்பக்கத்தில் வட்டியைச் சேர்க்க வேண்டும். 40 மாதச் சம்பளம் முன்கூட்டியே கையில் வந்து 8 சதவீத வட்டியில் இருந்தால் வருடத்துக்கு மூன்று மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். ஐந்து வருடத்தில் 16. ஆக 55 வயதுக்காரருக்குக் கடைசியில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். 58 வயதுக்காரருக்கும் அப்படித்தான். இதில் ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. பழைய சம்பள அளவின் உச்சியைத் தொட்டுவிட்டு இன்க்ரிமென்ட்டே ஒழுங்காக இல்லாமல் தேங்கி நிற்பவர்கள். ஊதிய மாற்றம் வராததால் இவர்கள் எண்ணிக்கை கூடிவிட்டது. இழக்க இன்க்ரிமென்ட் இல்லை என்பதால், 55-ஐ ஒட்டிய வயதில் 2019 மாதிரித் திட்டம் வந்தால் இவர்களுக்குத் தெளிவான லாபம். இவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

ஆனால் வட்டி என்று நான் போட்டது, பணம் சொன்ன நாளில் வந்து, அப்படியே முதலீட்டில் இருந்தால்தான். 2019 திட்டத்தில் எக்ஸ்கிரேஷியா இரண்டு தவணையாக வந்தது. கம்யூட்டேஷனும் (பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்குவது) கிராஜுவிட்டியும் உடனே கைக்கு வரவில்லை, வருடக்கணக்கில் தள்ளிப்போட்டார்கள். மகள் கல்யாணத்துக்கும் வீட்டுக் கடனுக்கும் அந்தத் தொகையை எண்ணி வைத்திருந்தவர்கள் தடுமாறினார்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2020 மார்ச் வரை 8.6 சதவீதம் வட்டி. ஏப்ரலில் அது 7.4 ஆனது. அந்தத் திட்டத்தில் சேரும் நாளின் வட்டிதான் ஐந்து வருடத்துக்கும். பணம் தாமதமான அளவுக்கு நஷ்டம். விருப்ப ஓய்வுத் தொகையில் வருமான வரி விலக்கும் 5 லட்சம் ரூபாய் வரைதான். இன்று நிலைமை கொஞ்சம் பரவாயில்லை: அந்தச் சேமிப்புத் திட்டத்தில் உச்சவரம்பு 30 லட்சமாக உயர்ந்திருக்கிறது, விருப்ப ஓய்வில் போனவர்கள் 55 வயதிலேயே சேரலாம்.

இன்னொன்று. வெளியே போய் வேறு வேலை பார்ப்பேன் என்ற நம்பிக்கையில் போனவர்களுக்கு இரண்டு மாதத்தில் கொரோனா ஊரடங்கு வந்தது. டிராவல்ஸ் வண்டி வாங்கியவர்கள், கடை போட்டவர்கள் பாடு திண்டாட்டம். அது யாருடைய தவறும் இல்லை. ஆனால் 52 வயதுக்காரரின் கணக்கு முழுக்க "வெளியே ஏதாவது சம்பாதிப்பேன்" என்பதில்தான் நிற்கிறது என்பதை அது காட்டிவிட்டது. கையில் உறுதியான இடம், அதுவும் தொழில்நுட்பம் தெரிந்தவர் என்றால் ஃபைபர், டவர், டேட்டா சென்டர் பக்கம் ஒரு வேலை, ஏற்கெனவே பேசி முடித்திருந்தால் 52-இல் போகலாம். பேசி முடிக்காமல் போகாதீர்கள்.

இருப்பது

இருப்பவர்களுக்கு நாள்கள் எப்படிப் போகும் என்பதை மறைத்துப் பேச விரும்பவில்லை. 2020 ஜனவரிக்குப் பிறகு நான்கைந்து பேர் பார்த்த வேலை ஒருவர் தலையில் விழுந்தது. பல எக்ஸ்சேஞ்சுகளுக்கு ஒரே அதிகாரி. பேட்டரி போனால் மாற்ற நிதி வரும்வரை காத்திருக்க வேண்டும், கரன்ட் போனால் டவரும் போகும், போனை எடுத்தால் வசவு. பாதி ஆட்கள் போனதில் போனவர்களின் அனுபவமும் போனது. எந்தக் குழியில் எந்த கேபிள் போகிறது என்று தெரிந்த ஆள் ஊரில் பேரனோடு இருப்பார். அவருக்கு போன் போட்டுக் கேட்டு வேலையை முடிப்பார்கள், அவரும் கோபிக்காமல் சொல்லிக் கொடுப்பார். அந்தப் பிணைப்பை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

நிறுவனம் மூடப்படுமா என்ற பயம் இப்போது முன்னைவிடக் குறைய வேண்டும் என்று நினைக்கிறேன். 2019-ல் சுமார் 70,000 கோடி, 2022 ஜூலையில் 1.64 லட்சம் கோடி, 2023 ஜூனில் 89,000 கோடி என்று மூன்று புத்துயிர்த் தொகுப்புகளை அரசு அறிவித்தது. இவற்றில் பெரும்பகுதி அலைக்கற்றையின் மதிப்பும் பங்கு மூலதனமும்தான், ரொக்கம் இல்லை. ஆனாலும் இவ்வளவு போட்ட பிறகு கதவைச் சாத்துவது எந்த அரசுக்கும் எளிதல்ல. 2024 அக்டோபர்-டிசம்பரில் 262 கோடி, அடுத்த காலாண்டில் 280 கோடி லாபம் காட்டினார்கள். 17 ஆண்டுக்குப் பிறகு லாபம் என்று செய்தி வந்தது. அந்த வருடக் கணக்கு முழுமையாக 2,247 கோடி நஷ்டம், முந்தைய வருடத்தின் 5,370 கோடியோடு பார்த்தால் பாதிக்கும் கீழே. ஆனால் 2025-26 தொடங்கியதும் மறுபடி காலாண்டு நஷ்டம் வந்தது. புதிய 4ஜி கருவிகளின் தேய்மானச் செலவு கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும், எனவே லாபச் செய்தியைப் பார்த்து ஊதிய மாற்றம் பெரிய தொகையாக வரும் என்று எதிர்பார்த்து இருக்க வேண்டாம். வந்தால் நல்லது. ஆனால் "இருப்பதா" என்ற முடிவை அதன் மேல் கட்டாதீர்கள்.

இருப்பவர்களை அசைக்கும் இன்னொன்று, புரளி. 2019-ல் ஓய்வு வயது 58 ஆகிவிடும், எழுதிக் கொடுக்காதவர்களைத் தூரத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்று பேச்சு பரவியது. ஊழியர்களை மிரட்டுகிறார்கள் என்று சங்கங்கள் போராடின. ஓய்வு வயது 60 ஆகவே இருந்தது. பயத்தில் எழுதிக் கொடுத்து வெளியே போனவர்கள் திரும்ப வர முடியவில்லை. ஆட்களைக் கிளப்பும் அழுத்தம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பிரான்ஸ் டெலிகாம் இருக்கிறது. 22,000 பேரைக் குறைக்க அங்கே திட்டம் போட்டார்கள். ஊழியர்களுக்கு அரசுப் பணிப் பாதுகாப்பு இருந்ததால் நீக்க முடியவில்லை. இடமாற்றம், வேலை மாற்றம் என்று நெருக்கினார்கள். தற்கொலைகள் நடந்தன. 2019 டிசம்பரில் பாரிஸ் நீதிமன்றம் முன்னாள் தலைவர் உள்ளிட்டோரை மனரீதியான துன்புறுத்தல் குற்றத்துக்காகத் தண்டித்தது. அந்தத் தீர்ப்பை நம் சங்கங்கள் கையில் வைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இரவில் தூக்கமில்லாமல், சாப்பாடு இறங்காமல், யாரிடமும் பேசப் பிடிக்காமல் ஒரு சக ஊழியர் இருந்தால், வி.ஆர்.எஸ். கணக்கு அவருக்கு இரண்டாம் பட்சம். டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

துறை வழியாக வந்தவர், 57-ஐத் தாண்டியவர், உடம்பு ஒத்துழைக்கிறது என்றால் இருந்துவிட்டுப் போவதுதான் என் கணக்கில் சரி. பணத்தில் பெரிய வித்தியாசமில்லை என்றானபின், சேவை முடித்து மாலை வாங்கிப் போவதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது.

திட்டம் வராமலே கிளம்புவது

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் உடம்பு முடியாதவர்களுக்கும் வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருப்பவர்களுக்கும் இதுதான் கையில் உள்ள வழி. துறை வழியாக வந்தவர் 20 ஆண்டு சேவை முடித்திருந்தால் மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து விருப்ப ஓய்வு பெறலாம். எக்ஸ்கிரேஷியா கிடையாது, மற்ற ஓய்வுப் பலன்கள் உண்டு. கோபத்தில் "ராஜினாமா" என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அரசு ஓய்வூதிய விதிகளில் ராஜினாமா செய்தால் முந்தைய சேவை முழுதும் பறிபோகும். இரண்டு விண்ணப்பத்துக்கும் இடையில் ஒரு வாழ்நாள் பென்ஷன் இருக்கிறது. எழுதிய கடிதத்தைக் கொடுக்கும் முன் சங்கத்தில் ஒருவரிடமாவது காட்டுங்கள்.

மருத்துவத்தையும் பாருங்கள். நிறுவனத்தின் மருத்துவத் திட்டத்தில் பில் பணம் தாமதமாவது பழைய குறை. துறை வழியாக வந்த ஓய்வூதியர்கள் மத்திய அரசின் மருத்துவத் திட்டமான சி.ஜி.எச்.எஸ்.-இல் சேரலாம், ஆனால் அதன் மையம் எட்டும் தூரத்தில் இருந்தால்தான் அது பயன்படும். சென்னையில் இருப்பவருக்கு அது வரம். கிராமத்து வீட்டுக்குத் திரும்ப நினைப்பவர் நன்றாக யோசிக்க வேண்டும்.

நேரடியாகச் சேர்ந்தவர்கள்

இவர்களுக்கு நான் சொல்வது மூத்தவர்களுக்குப் பிடிக்காது. நாற்பதுக்குள் இருப்பவர், குழந்தை இன்னும் பள்ளியில் இருக்கிறது, அரசுப் பென்ஷன் இல்லை, பதவி உயர்வு தேங்கிக் கிடக்கிறது என்றால், வி.ஆர்.எஸ்.-க்காகக் காத்திருப்பதில் பயனில்லை. 2019 திட்டம் 50 வயதுக்குக் கீழே வரவே இல்லை. அதன் சூத்திரமும் முடித்த சேவைக்குத்தான் அதிகம் கொடுத்தது. 15 ஆண்டு சேவைக்காரருக்கு அந்த 35 நாள் கணக்கில் 17 மாதச் சம்பளத்தைச் சுற்றித்தான் வரும், பாக்கி 20 ஆண்டு இருந்தால் 25 நாள் கணக்கில் ஏறக்குறைய அதே அளவு இன்னொரு முறை சேரும். பென்ஷன் இல்லாதவருக்கு அது எத்தனை நாள் தாங்கும்?

அதனால் உங்கள் முன் இருப்பது இரண்டு வழிதான். ஒன்று, நிறுவனத்துக்குள்ளேயே எதிர்காலம் உள்ள வேலைக்கு நகர்வது: 4ஜி கோர் நெட்வொர்க், ஐ.பி., டிரான்ஸ்மிஷன், கிராமங்களுக்கு ஃபைபர் இணையம் கொண்டுபோகும் பாரத்நெட். சுமார் 97,500 டவர்களில் உள்நாட்டுக் கருவிகள் ஓடத் தொடங்கியிருக்கின்றன. அதைக் கையாளத் தெரிந்த பொறியாளர்கள் நாட்டில் குறைவு, அந்த அனுபவத்தை இரண்டு மூன்று வருடம் சேர்த்தால் வெளியே விலை உண்டு. பில்லிங், கட்டட நிர்வாகம், பழைய லேண்ட்லைன் பிரிவில் மாட்டிக்கொண்டிருந்தால் இடமாற்றம் கேட்டு எழுதிக்கொண்டே இருங்கள். மற்றது, டெபுடேஷன் (வேறு அரசு அலுவலகத்துக்குத் தற்காலிகமாகப் போவது) அல்லது வேறு அரசு நிறுவனத் தேர்வு. முறையான அனுமதியோடு போனால், பி.எஃப். தொடர்ச்சி விட்டுப்போகாது. தனியார் நிறுவனத்துக்கு நேரடியாகத் தாவுவது 35-க்குள் சரி. 45-க்கு மேல், சம்பளம் ஒன்றரை மடங்கு என்றாலும், அங்கே ஒரு சுற்று ஆள்குறைப்பு வந்தால் தாங்குமா என்று பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஐம்பதை ஒட்டிய நேரடி ஊழியர்கள் நிலை உண்மையிலேயே கடினம். ஓய்வுக்கால நிதியில் நிறுவனத்தின் பங்கை முழு அளவுக்கு உயர்த்த வேண்டும் என்ற அவர்களுடைய கோரிக்கை நியாயமானது. மூத்த ஊழியர் சங்கங்களும் அதைத் தங்கள் கோரிக்கையாக எடுத்துப் போராட வேண்டும். அதுவரை சம்பளத்திலிருந்து கூடுதலாக வி.பி.எஃப். (விருப்பப்பட்டுக் கூடுதலாகப் போடும் பி.எஃப்.) அல்லது என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்)-இல் போடுவதைத் தவிர நான் சொல்ல வேறு இல்லை.

எந்த வகையைச் சேர்ந்தவராக இருந்தாலும் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சர்வீஸ் புக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பிறந்த தேதி, சேர்ந்த தேதி, பி.எஸ்.என்.எல்.-இல் ஈர்த்துக்கொண்ட குடியரசுத் தலைவர் ஆணையின் நகல், விடுப்புக் கணக்கு, வாரிசு நியமனம், இன்க்ரிமென்ட் பதிவுகள். 2019-ல் முப்பது நாள் அவகாசத்தில் 78,000 பேர் இதையெல்லாம் ஒரே நேரத்தில் தேடினார்கள். அடுத்த சுற்றறிக்கை வந்தால் கிளார்க் மேசைக்கு முன்னால் மறுபடி அதே கூட்டம் நிற்கும், கிளார்க்குகளின் எண்ணிக்கை மட்டும் அன்றைவிடக் குறைவாக இருக்கும்.